பழைய இரும்புச் சட்டிகளை ஏலத்தில் விற்றுக் கற்றுக்கொண்டவை

2018 ஜனவரியில், அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்துக் கொலம்பஸில் மூன்று நாளாகப் பனி கொட்டி ஓய்ந்த ஒரு சனிக்கிழமை, தோசைக்கல் தேடித்தான் முதன்முதலில் குட்வில் என்ற, தானமாக வந்த பழைய சாமானை மலிவாக விற்கும் த்ரிஃப்ட் ஸ்டோருக்குள் போனேன். ஊரிலிருந்து கொண்டுவந்த கல் விரிசல் விட்டிருந்தது. சமையல் சாமான் அடுக்கியிருந்த தட்டின் கீழ்வரிசையில், யாரும் தொட விரும்பாத மாதிரி கரியும் துருவும் ஏறிய ஒரு வட்டக் கல் கிடந்தது, விலை 4 டாலர் 99 சென்ட். கையில் எடுத்தபோது எடை குறைவாக இருந்தது ஆச்சரியமாக இருந்தது. வீட்டில் பின்பக்கத்தைச் சுரண்டினேன். ஒரு வட்டத்துக்குள் இன்னொரு வட்டம், நடுவில் சிலுவை, அதில் கிரிஸ்வோல்ட் என்ற பெயர், கீழே ஈரி, பென்சில்வேனியா, மேலே 9 என்ற எண். பெயரை ஈபே என்ற இணைய விற்பனைத் தளத்தில் தேடினால் இதே கல் எழுபது டாலருக்கு மேல் விற்றிருந்தது.

அந்தக் கல்லை நான் விற்கவில்லை, இன்றும் அதில்தான் தோசை. ஆனால் அதற்கடுத்த சனிக்கிழமை மறுபடி போனேன், அப்புறம் ஒவ்வொரு சனிக்கிழமையும். ஏழெட்டு வருடத்தில் சட்டி, கல், பணியாரக்கல் மாதிரி குழி வைத்த பாத்திரங்கள் என்று முந்நூறுக்கு மேல் வாங்கி, சுத்தம் செய்து, பழக்கி, ஏலத்திலும் நிலையான விலையிலும் விற்றிருக்கிறேன். "இதில் காசு வருமா, எப்படித் தொடங்குவது" என்று கேட்கும் நண்பர்களுக்கு போனில் துண்டு துண்டாகச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டதால் ஒரே இடத்தில் எழுதுகிறேன்.

முதலில் விசா விஷயம், ஏனென்றால் இதைக் கேட்பவர்களில் பாதிப் பேர் எச்-1பி என்ற வேலை விசாவிலோ, அவர்கள் குடும்பத்தாருக்கான எச்-4இலோ இருப்பவர்கள். வீட்டில் கிடந்த சொந்தப் பொருளை விற்பது வேறு. லாபத்துக்காக வாங்கி வாங்கி விற்பது தொழில். எச்-1பியில் உங்களுக்கு அனுமதி விசா எடுத்துக் கொடுத்த நிறுவனத்தின் வேலைக்கு மட்டும்தான், எச்-4இல் வேலை அனுமதி அட்டை இல்லாமல் எந்தத் தொழிலும் செய்ய முடியாது. "சின்னத் தொகைதானே" என்று நினைத்துச் செய்து, பின்னால் பச்சை அட்டை நேரத்தில் பதில் சொல்ல வேண்டியிருந்தால் அந்தச் சின்னத் தொகை எதற்கும் ஆகாது. எனக்கு 2017இல் பச்சை அட்டை வந்த பிறகுதான் இதில் இறங்கினேன். சந்தேகம் இருந்தால் என்னைப் போன்றவர்களைக் கேட்காதீர்கள், ஒரு குடிவரவு வழக்கறிஞரைக் கேளுங்கள்.

சரி, ஏன் இரும்பு? நான் இருக்கும் இடம் அப்படி. ஓஹையோவும் பக்கத்து மாநிலமான பென்சில்வேனியாவும் ஒரு காலத்தில் அமெரிக்கச் சமையலறைக்கே சாமான் செய்து கொடுத்த ஊர்கள். வாக்னர் குடும்பம் 1891இல் வார்ப்பிரும்புப் பாத்திரம் வார்க்கத் தொடங்கிய சிட்னி என்ற ஊர் எங்கள் வீட்டிலிருந்து ஒன்றரை மணி நேர ஓட்டம். ஈரி ஏரிக்கரையில் கிரிஸ்வோல்ட் 1865இலிருந்து 1957 வரை. இந்தப் பக்கம் லான்காஸ்டரில் ஆங்கர் ஹாக்கிங், ஃபயர்-கிங் கண்ணாடிக் கோப்பைகள். ஜேன்ஸ்வில்லில் ரோஸ்வில் மண்பாண்டங்கள். அந்தச் சாமான்களை வாங்கிப் புழங்கிய தலைமுறை இப்போது முதியோர் இல்லத்துக்குப் போகிறது அல்லது இறந்துபோகிறது, பிள்ளைகள் கலிபோர்னியாவிலோ டெக்சாஸிலோ இருக்கிறார்கள், வீட்டை விற்கும் அவசரத்தில் சமையலறையை அப்படியே பெட்டியில் போட்டு தானம் கொடுத்துவிடுகிறார்கள். அதனால் உங்கள் ஊரில் எது வார்க்கப்பட்டது, எது நெய்யப்பட்டது என்று தெரிந்துகொள்வதுதான் முதல் வேலை. அதுதான் உங்கள் ஊர் த்ரிஃப்ட் ஸ்டோரில் வந்து விழும்.

இன்னொரு காரணமும் உண்டு. குட்வில் என்பது 1902இல் பாஸ்டனில் எட்கர் ஹெல்ம்ஸ் என்ற மெதடிஸ்ட் பாதிரியார் தொடங்கியது. வசதியான வீடுகளில் பழைய துணியும் சாமானும் வாங்கி, ஏழைகளுக்கு வேலை கொடுத்து அவர்கள் கையாலேயே பழுது பார்த்து விற்றார். இன்று அவர்களுக்கே சொந்தமாக ஏலத் தளம் இருக்கிறது, 1999இலிருந்து நடக்கிறது. அதாவது நல்ல நகை, கேமரா, கைக்கடிகாரம், பெயர் பெற்ற கைப்பை எல்லாம் கடையின் பின்பக்கத்திலேயே பிரிக்கப்பட்டு ஏலத்துக்குப் போய்விடும், தட்டுக்கு வருவதே இல்லை. தட்டுக்கு வருவது பிரிப்பவர் கண்ணுக்குத் தெரியாமல் தப்பியது மட்டும். துருப்பிடித்த, கரி மூடிய இரும்பு அப்படித் தப்பும். அதன் பெயர் அழுக்குக்குள் இருக்கிறது. பளபளவென்று இருப்பதைத் தேடிப் போனால் உங்களுக்கு முன்னாலேயே நாலு பேர் பார்த்து ஒதுக்கியதைத்தான் வாங்குவீர்கள்.

அம்மாவுக்கு இது பிடிக்கவே இல்லை. காரைக்குடியிலிருந்து வீடியோவில் பேசும்போது பின்னால் அலமாரியில் அடுக்கியிருந்த சட்டிகளைப் பார்த்துவிட்டு, "ஏத்தா, செத்தவுக வீட்டுச் சாமானையா வாங்கி வீட்டுக்குள்ள வச்சிருக்க? அமெரிக்கா போயும் பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழமா?" என்று கேட்டார்கள். நான் சொன்னேன், "அம்மா, நம்ம ஊர் முனீஸ்வரன் கோவில் தெருவுல செட்டியார் வீட்டுப் பழைய சாமானை வெளிநாட்டுக்காரன் வந்து வாங்கிட்டுப் போறான்ல, அதே வேலைதான்." கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அந்தச் சட்டியத் தட்டிப் பாத்து வாங்குறியா?" என்றார்கள்.

அதுதான் இந்தத் தொழிலின் பாதிப் படிப்பு. சின்ன வயதில் அப்பத்தாவோடு சந்தைக்குப் போவேன். அப்பத்தா மண்சட்டியை ஒரு கையால் விளிம்பில் தூக்கிப் பிடித்து, மறுகை நடுவிரல் முட்டியால் தட்டுவார்கள். கணீரென்றால் கூடைக்குள் போகும், மொத்தென்றால் பேசாமல் திருப்பி வைத்துவிடுவார்கள். வார்ப்பிரும்பும் அப்படியே. கைப்பிடியை இரண்டு விரலால் தளர்வாகப் பிடித்துத் தொங்கவிட்டு, கடையில் கிடக்கும் மரக் கரண்டியால் பக்கவாட்டில் தட்டுங்கள். நல்ல சட்டி கோவில் மணி மாதிரி கொஞ்ச நேரம் நின்று ஒலிக்கும். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் சத்தம் அங்கேயே செத்துவிடும். கரி மூடிய சட்டியில் விரிசலைக் கண்டுபிடிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. அடுத்து, சட்டியைச் சமமான கண்ணாடி மேசை மேல் வைத்து ஒரு சுற்றுச் சுற்றிவிடுங்கள். பம்பரம் மாதிரி சுழன்றால் அடி வெளியே உப்பியிருக்கிறது, இன்றைய கண்ணாடி அடுப்பில் அது உட்காராது, விலை பாதிக்குக் கீழே போகும். அடுத்து நிறம். துரு வேறு, செங்கல் மாதிரி உள்ளேயே சிவந்திருப்பது வேறு. யாரோ கரியை எரிப்பதற்காக நெருப்புக்குள் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம், அந்த இரும்பில் எண்ணெய் பிடிக்காது. அதை வாங்கவே வாங்காதீர்கள்.

பழைய இரும்பின் உள்பக்கம் விரலுக்கு வழவழவென்று இருக்கும், கடைந்து மெருகேற்றியிருப்பார்கள். இப்போது கடையில் புதிதாகக் கிடைக்கும் வார்ப்பிரும்பில் மணல் மாதிரி சொரசொரப்பு தெரியும். எடையும் கூடுதல். வாங்குபவர்கள் இந்த வழவழப்புக்கும் லேசான எடைக்கும்தான் காசு தருகிறார்கள். எண்ணைப் பொறுத்தவரை, சட்டியில் இருக்கும் 8 என்பது அங்குலம் அல்ல, அந்தக் காலத்து விறகு அடுப்பின் வாயளவு. 8ஆம் எண் சட்டி ஏறக்குறைய பத்தரை அங்குலம், அதிகமாக வார்த்தது அதைத்தான், அதனால் அதற்கு எப்போதும் ஆள் உண்டு, விலை மட்டும் நடுத்தரம். 2, 13 போன்ற ஓரத்து எண்கள் கண்ணில் பட்டால் யோசிக்காமல் கூடையில் போடுவேன். ஆனால் மிகச் சின்ன அளவுகளில் போலி வார்ப்பும் நிறைய. எழுத்து மங்கலாக, உள்பக்கம் சொரசொரப்பாக இருந்தால் அசல் சட்டியை அச்சாக வைத்து வார்த்ததாக இருக்கலாம்.

நான் ஏமாந்ததும் எழுத்தில்தான். முதல் வருடம் ஒரு சட்டியின் அடியில் 'வாக்னர்ஸ் 1891 ஒரிஜினல்' என்று தெளிவாக வார்த்திருந்தது. 1891! 22 டாலர் கொடுத்து, வண்டியில் பக்கத்து இருக்கையில் வைத்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்து படித்தபோதுதான் தெரிந்தது, அது நிறுவனத்தின் நூறாவது ஆண்டையொட்டி 1991 வாக்கில் வார்த்தது. நூறு வருடப் பழமை இல்லை, விலையும் வாங்கிய விலையைத் தாண்டவில்லை. பாத்திரத்தில் வருடம் போட்டிருந்தால் அது பெரும்பாலும் நிறுவனம் தொடங்கிய வருடம், வார்த்த வருடம் அல்ல. அன்றிலிருந்து கடையில் நின்றபடியே போனில் விற்ற விலையைப் பார்க்காமல் பத்து டாலருக்கு மேல் எதையும் வாங்குவதில்லை.

விற்ற விலை என்று சொன்னேன், கேட்கும் விலை அல்ல. புதியவர்கள் விழுவது இந்தக் குழியில்தான். ஈபேயில் சட்டியைத் தேடியதும் முதலில் வருவது ஆசைப்பட்டவர்கள் போட்ட விலை. வடிகட்டியில் 'விற்றவை' என்பதைத் தட்டினால் கடந்த மூன்று மாதத்தில் உண்மையில் கைமாறிய விலை பச்சையில் வரும். அதிலும் மேலே இருக்கும் ஒன்றைப் பார்த்து மனக்கணக்குப் போடாதீர்கள், பத்து விற்பனையைப் பாருங்கள், படத்தில் நிலையைப் பாருங்கள், அனுப்பும் செலவு யார் தலையில் என்று பாருங்கள்.

எல்லோரும் தேடிவந்த பொருளுக்கு நாளை யாரும் வராமல் போகலாம் என்பதையும் இங்கேதான் கற்றேன். ஓஹையோவில் லாங்கபெர்கர் என்ற கூடை நிறுவனம் இருந்தது. நியூவர்க் ஊரில் அவர்களுடைய தலைமை அலுவலகமே ஏழு மாடி உயரக் கூடை வடிவில் 1997இல் கட்டப்பட்டது, இன்றும் நெடுஞ்சாலையிலிருந்து தெரியும். ஒரு காலத்தில் அந்தக் கூடைகளைப் பெண்கள் வீட்டு விருந்து வைத்து வாங்கிச் சேர்த்தார்கள், ஒவ்வொன்றின் அடியிலும் முடைந்தவரின் கையெழுத்து இருக்கும். 2018இல் நிறுவனம் மூடப்பட்டது. நான் ஒரு வீட்டுச் சாமான் விற்பனையில் பன்னிரண்டு கூடைகளை அறுபது டாலருக்கு வாங்கினேன். ஏழு விற்றது, போட்ட காசு கூட வரவில்லை. அழகான வேலைப்பாடுதான், நான் இன்றும் இரண்டில் வெங்காயமும் பூண்டும் போட்டு வைத்திருக்கிறேன். ஆனால் சேர்த்து வைத்தவர்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் வீட்டைக் காலி செய்தால், வாங்குவதற்கு எதிர்ப்பக்கம் ஆள் இருக்காது.

இரும்பைச் சுத்தம் செய்வதை ஒரு முறை சொல்லிவிடுகிறேன், பலரும் இங்கே கம்பி நாரும் சுழல் இயந்திரமும் வைத்துத் தேய்த்துச் சட்டியைக் கெடுக்கிறார்கள். பழைய கரிப்பொருக்கை எடுக்க காஸ்டிக் சோடாத் தண்ணீர், மூடிபோட்ட பிளாஸ்டிக் வாளியில், ஒரு வாரம் ஊறவிட்டால் போதும், தானாகக் கழன்றுவிடும். கையுறை, கண்ணாடி இல்லாமல் பக்கத்தில் போகக் கூடாது. தண்ணீரில்தான் சோடாவைப் போட வேண்டும், சோடாவில் தண்ணீரை ஊற்றினால் பொங்கித் தெறிக்கும். அலுமினியப் பாத்திரத்தைத் தவறியும் உள்ளே விடாதீர்கள், கரைந்துவிடும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் பூட்டும் இடம் இல்லை என்றால் இந்த வழியே வேண்டாம், மஞ்சள் மூடி அடுப்புக் கழுவும் நுரையை அடித்துக் குப்பைப் பையில் கட்டி வையுங்கள், அதுவும் வேலை செய்யும். துருவுக்கு வினிகரும் தண்ணீரும் சம அளவு, அரை மணி நேரம், அவ்வளவுதான். இரவு முழுக்க விட்டால் இரும்பையே அரித்துவிடும். பிறகு தோசைக்கல் பழக்குவது மாதிரிதான், மெல்லியதாக எண்ணெய் தடவி, தடவியது தெரியாத அளவுக்குத் துடைத்து, ஓவனில் 450 டிகிரி ஃபாரன்ஹீட்டில் ஒரு மணி நேரம். நம் ஆட்கள் எண்ணெயை அதிகம் விட்டுவிடுகிறோம். அது ஒட்டும் பிசினாகிவிடும்.

ஒரு எச்சரிக்கை. அந்தக் காலத்தில் மீன்பிடி எடையும் துப்பாக்கிக் குண்டும் வார்ப்பதற்காகச் சிலர் இந்தச் சட்டிகளில் காரீயத்தை உருக்கியிருக்கிறார்கள். நம் வீட்டு ஈயச்சொம்பில் இருப்பது வெள்ளீயம், அது வேறு. காரீயம் நஞ்சு. சட்டிக்குள் சாம்பல் நிறத்தில் வெள்ளி மாதிரித் திட்டு இருந்தால் தொடாதீர்கள். கொல்லைப்புறத்தில் கிடந்த சட்டி எதையும் நான் காரீயச் சோதனைக் குச்சி வைத்துப் பார்க்காமல் விற்பதில்லை. யாரோ ஒருவர் அதில் தன் பிள்ளைக்கு முட்டை பொரிக்கப் போகிறார்.

இப்போது ஏலத்துக்கு வருகிறேன், எனக்கு மிகவும் சொல்ல வேண்டியிருப்பது இதுதான். ஏலத்தில் விலையை முடிவு செய்வது அதிகம் ஆசைப்பட்டவர் அல்ல, அவருக்கு அடுத்தவர். ஈபேயில் நீங்கள் உங்கள் உச்ச வரம்பைப் போட்டுவிட்டால், தளம் உங்களுக்காகப் படிப்படியாக ஏற்றிக்கொண்டு போகும். ஒருவர் மனதில் 200 டாலர் இருக்கிறது, இன்னொருவர் 40 டாலரில் நின்றுவிட்டார் என்றால் உங்கள் சட்டி 41 டாலருக்குப் போகும். மீதி 159 டாலர் ஆசை வாங்கியவர் மனதிலேயே இருந்துவிடும். இரண்டாவது ஆள் வரவே இல்லை என்றால் ஆரம்ப விலைதான். முதல் வருடம் கிரிஸ்வோல்டின் ஈரி முத்திரை போட்ட, வாஃபிள் சுடும் இரும்பு அச்சு ஒன்றை, பிடியோடு, அடிச்சட்டத்தோடு முழுசாக இருந்ததை, 9 டாலர் 99 சென்டில் தொடங்கினேன். முடிவு நேரம் செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு மணி என்று அமைந்துவிட்டது, நான் கவனிக்கவில்லை. ஒரே ஒருவர் கேட்டார், 9.99க்குப் போனது. இரண்டு நாள் உட்கார்ந்து சுத்தம் செய்தது. பெட்டி கட்டும்போது மனசு அப்படி வலித்தது. ஆனால் விற்றால் விற்றதுதான், அனுப்பியே ஆக வேண்டும், அனுப்பினேன்.

அதற்குப் பிறகு நான் பிரித்துக்கொண்டேன். எல்லோரிடமும் இருக்கும், மாதம் ஐம்பது விற்கும் பொருள் என்றால் நிலையான விலை, விலை பேசும் வசதியோடு. ஆளுக்கு ஆள் வித்தியாசம் இல்லை, காத்திருந்தால் வரும். விற்ற பட்டியலில் ஒன்றோ இரண்டோதான் தெரிகிறது, அந்த இரண்டுக்கும் நடுவில் விலை மலைக்கும் மடுவுக்குமாக இருக்கிறது என்றால் அது ஏலத்துக்கான பொருள், ஏனென்றால் அதைத் தேடும் இரண்டு பேராவது எங்கோ காத்திருப்பார்கள். 2021இல் ஒரு தேவாலயத்தின் பழைய சாமான் விற்பனையில் மூன்று டாலருக்கு வாங்கிய ஈரி முத்திரைக் குழிச்சட்டியை, பணியாரக்கல்லைப் போல அகலக் குழிகள் கொண்டது, ஏழு நாள் ஏலத்தில் போட்டேன். ஆறு நாளும் 31 டாலரிலேயே நின்றது. கடைசி எட்டு நொடியில் இரண்டு பேர் மோதி 168இல் முடிந்தது. ஏலத்தில் கடைசி நிமிடம் வரை விலை என்று ஒன்று கிடையாது, பொறுமையாக இருக்க வேண்டும், பயந்துபோய் நடுவில் யாராவது "எண்பது தருகிறேன், நிறுத்திவிடு" என்று எழுதினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அப்படி எழுதுபவருக்கு மதிப்பு தெரியும்.

முடிவு நேரம் ஞாயிறு இரவு கிழக்கு நேரம் ஒன்பது. அப்போது கலிபோர்னியாவில் மாலை ஆறு, இரண்டு கரையும் விழித்திருக்கும். ஆரம்ப விலை எப்போதும் நான் நட்டப்படாத விலை. தலைப்புக்கு 80 எழுத்துதான் இடம், அதில் 'அழகான', 'அரிய' என்று வீணாக்காமல் பெயர், எண், ஊர், முத்திரையின் வகை, அளவு போடுங்கள். தேடுபவர் அதைத்தான் தட்டுவார். தெரிந்தவர் ஒருவரை விட்டு விலையை ஏற்றச் சொல்லலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். அது விதிப்படி தடை மட்டுமல்ல, எதிரில் இருப்பவர் நம்பிப் போடும் காசு. செய்யாதீர்கள்.

படத்தில் குறையை முதலில் காட்டுங்கள். அடியில் எஃகு அளவுகோலை வைத்து எவ்வளவு இடைவெளி என்று ஒரு படம், குழி விழுந்த இடத்தில் பகல் வெளிச்சத்தில் ஒரு படம், உள்பக்கம் முழுதாக ஒரு படம். குறையை மறைத்தால் முப்பது நாளுக்குள் 'சொன்னபடி இல்லை' என்று திருப்பி அனுப்ப வாங்கியவருக்கு உரிமை உண்டு, திரும்பி வரும் செலவும் உங்கள் தலையில். நாலு கிலோ இரும்பை இரண்டு தடவை நாட்டின் குறுக்கே அனுப்புவதற்கு ஆகும் செலவில் லாபம் எல்லாம் போய்விடும். எனக்கு வந்த திருப்பல்கள் குறைவு என்றால் அதற்கு இந்தப் படங்கள்தான் காரணம்.

இரும்பு உடையாது என்று நினைத்தேன். உடையும். ஒரு 10ஆம் எண் சட்டியைக் குமிழித்தாளில் சுற்றி ஒற்றைப் பெட்டியில் அனுப்பினேன், போய்ச் சேர்ந்தபோது கைப்பிடி தனியாக இருந்தது. யார் கீழே போட்டார்கள் என்று தேடிப் பயனில்லை, நான் கட்டியது போதவில்லை. பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். சட்டியின் எடையே அதற்கு எதிரி. இப்போது கைப்பிடிக்குத் தனியாக அட்டைச் சுருள், சட்டி ஒரு பெட்டிக்குள், அந்தப் பெட்டி இரண்டு அங்குல இடைவெளி விட்டு இன்னொரு பெட்டிக்குள், இடைவெளியில் கசக்கிய தாள் இறுக்கமாக. மூடிய பிறகு பெட்டியைத் தலைகீழாகக் குலுக்குவேன். உள்ளே ஏதாவது நகரும் சத்தம் கேட்டால் மறுபடி பிரிப்பேன்.

கணக்கில் ஓர் எடுத்துக்காட்டு. 8ஆம் எண் வாக்னர், 6.99க்கு வாங்கியது, 62க்கு விற்றது, அனுப்பும் செலவு 15 வாங்குபவர் கொடுத்தார். தளத்தின் கட்டணம் பதின்மூன்று சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல், அதுவும் 62க்கு மட்டுமல்ல, அனுப்பும் செலவும் விற்பனை வரியும் சேர்ந்த மொத்தத்துக்கு. ஏறக்குறைய 11.70. பெட்டி, தாள், ஒட்டும் நாடா 2 டாலர். சோடா, எண்ணெய் 1 டாலர். கையில் நின்றது 40 டாலர் சொச்சம், இரண்டரை மணி நேர வேலைக்கு. "ஏழுக்கு வாங்கி அறுபத்திரண்டுக்கு விற்றேன்" என்று சொல்பவர்கள் இந்த நடுவரிகளைச் சொல்வதில்லை.

வரி கட்டாயம். மத்திய அரசின் விதிப்படி வருடம் 20,000 டாலரும் 200 விற்பனையும் தாண்டினால்தான் தளம் உங்கள் விற்பனைத் தொகையை வரித்துறைக்குச் சொல்லும் 1099-கே படிவம் அனுப்ப வேண்டும். நடுவில் அதை 600 டாலராகக் குறைத்துச் சட்டம் போட்டு, தள்ளித் தள்ளிவைத்து, 2025இல் பழைய வரம்புக்கே திரும்பிவிட்டார்கள். ஆனால் படிவம் வராவிட்டாலும் லாபம் லாபம்தான், வரித்தாக்கலில் சொந்தத் தொழில் வருமானத்துக்கான ஷெட்யூல் சி படிவத்தில் காட்ட வேண்டும். நிகர லாபம் 400 டாலரைத் தாண்டினால் வருமான வரியோடு 15.3 சதவீதச் சுயதொழில் வரியும் சேரும். அதனால் முதல் நாளிலிருந்தே ரசீதையும், கடைக்குப் போய் வந்த மைல்களையும் எழுதி வையுங்கள். நான் ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதுகிறேன், ஒரு பொருளுக்கு ஒரு வரி.

த்ரிஃப்ட் ஸ்டோருக்கு வருகிறவர்கள் எல்லோரும் என்னைப் போல வியாபாரத்துக்கு வருகிறவர்கள் அல்ல. பனிக்காலத்தில் பிள்ளைக்கு கோட்டு தேடி, ஒவ்வொரு விலைச்சீட்டாகத் திருப்பிப் பார்க்கும் தாய்மாரைப் பக்கத்து வரிசையில் பார்க்கிறேன். நல்ல நிறுவனக் குளிர்கோட்டுகள் ஏலத்தில் நன்றாகப் போகும், தெரியும். ஆனால் கோட்டு, பூட்ஸ், குழந்தைத் துணி, தொட்டில், சாதாரணப் பானை இவற்றை நான் எடுப்பதில்லை. லாட்ஜ் நிறுவனத்தின் புதிய வார்ப்பிரும்புச் சட்டி மலிவாகக் கிடந்தால்கூட விட்டுவிடுவேன், அது யாருக்காவது இன்று ராத்திரி சமையலுக்கு ஆகும். கரி மூடி, விரிசலா இல்லையா என்று தெரியாமல் கிடக்கும் சட்டியை யாரும் சமைக்க வாங்கப் போவதில்லை, அதை எடுத்துச் சீர்செய்து புழக்கத்துக்குக் கொண்டுவருவதில் எனக்கு மனத்தடை ஏதும் இல்லை.

சென்ற மாதக் கணக்கை அப்படியே நோட்டிலிருந்து எழுதுகிறேன். விற்றது ஒன்பது, அதில் ஏலத்தில் மூன்று. விற்ற தொகை, அனுப்பும் செலவு நீங்கலாக, 512 டாலர். கட்டணம் 98. அந்த ஒன்பதும் வாங்கிய விலை 74. பெட்டிகள் 19, சோடாவும் எண்ணெயும் 8. மீதி 313. தேடியது, தேய்த்தது, படம் எடுத்தது, கட்டியது எல்லாம் சேர்த்து 21 மணி நேரம், மணிக்கு 15 டாலருக்குக் கொஞ்சம் குறைவு, பெட்ரோலும் வரியும் இதில்தான் போக வேண்டும். வாங்கி விற்காமல் இருப்பது பதினான்கு. அதில் இரண்டு கேரேஜில் சோடா வாளிக்குள் கிடக்கின்றன, ஒன்றின் அடியில் நேற்று பொருக்கு கழன்று 13 என்ற எண் தெரியத் தொடங்கியிருக்கிறது.